நாற்பத்தொன்றின் பொட்டு

பட்டியலில் பதினேழு பொருள்கள் இருந்தன. பொட்டு இல்லை. வண்டியிலிருந்து கழற்ற வேண்டியவை என்று கம்பெனி கொடுத்த அந்தக் காகிதத்தை வையாபுரி நேற்றிலிருந்து நான்கு முறை படித்தாயிற்று. இப்போது ஐந்தாவது முறையாக ஸ்டியரிங்கின் மேல் அதை விரித்துவைத்து, ஒவ்வொரு வரியிலும் விரலை ஊன்றி ஊன்றி இறங்கினார். ஒன்று, கண்ணாடிகளில் தொங்கும் சவுரிக் குஞ்சங்கள். இரண்டு, பிளாஸ்டிக் மாலைகள். மூன்று, கம்பெனி கொடுக்காத ஏர் ஹாரன். ஒன்பது, டிரைவர் சொந்தமாகச் செய்துகொண்ட இருக்கைத் திண்டு. பதினாறு, நாக்கை நீட்டிய திருஷ்டி பொம்மை. பதினேழு, மற்ற அலங்காரப் பொருள்கள். இந்தப் பதினேழாவதில்தான் அவருடைய விரல் ஒவ்வொரு முறையும் நின்றது. அலங்காரம் என்றால் என்ன? பார்ப்பதற்காக வைப்பது அலங்காரம். பொட்டும் பார்ப்பதற்காக வைத்ததுதான், ஆனால் அதைப் பார்ப்பதற்கு இல்லை, அதன் வழியாகப் பார்ப்பதற்கு. ஆகவே அது அலங்காரத்தில் சேராது. இப்படி ஒரு தீர்ப்பைத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவர் தலையை நிமிர்த்தினால், முன்கண்ணாடியின் கீழ்ப் பகுதியில், நடுவை ஒட்டி, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக, கறுப்பாக அது உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் சர்வீஸ் ஸ்டேஷனின் ஈரத் தரை. அதற்கும் பின்னால், வெயிலில் வெளுத்துப்போன சங்ககிரி மலை. மணி பத்தரை. அவருக்கு முன்னால் ஒரே ஒரு லாரிதான் கழுவலுக்கு நின்றது. அறுபத்துமூன்று. அருளாந்துவின் வண்டி. இல்லை, பன்னிரண்டு மணி வரைக்கும் அருளாந்துவின் வண்டி. பன்னிரண்டு மணிக்கு அறுபத்துமூன்று இவருக்கு, நாற்பத்தொன்று அவனுக்கு. அடுத்த மாதம் இரண்டும் வேறு யாருக்கோ. இனிமேல் எந்த டிரைவருக்கும் எந்த வண்டியும் என்று கம்பெனி சட்டம் போட்டுவிட்டது.

ஷெட் சூப்பர்வைசர் நல்லசிவம் அதை நல்ல மாதிரியாகத்தான் எடுத்துச் சொன்னார். ஒரு டிரைவர் பத்து நாள் ஊருக்குப் போனால் வண்டியும் பத்து நாள் நிற்கிறது, கம்ப்யூட்டரில் அது சிவப்பாகத் தெரிகிறது, சிவப்பைக் கண்டால் முதலாளி மகனுக்குத் தலைவலி வருகிறது என்றார். பஸ் டிரைவர்களெல்லாம் எந்த பஸ்ஸைக் கொடுத்தாலும் ஓட்டுகிறார்களே என்றும் கேட்டார். “அதனாலதான் பஸ்ஸெல்லாம் அப்படி இருக்குதுங்” என்று வையாபுரி சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நல்லசிவமும் சிரித்தார், சட்டம் மட்டும் சிரிக்கவில்லை. வண்டி கம்பெனிக்குச் சொந்தம் என்பதில் வையாபுரிக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை. ஆர்.சி. புத்தகத்தில் கம்பெனி பெயர்தான் இருக்கிறது, கதவில் கம்பெனி பெயர்தான் இருக்கிறது, அவருடைய சட்டைப் பையின் மேல்கூட அதுதான் தைத்திருக்கிறது. ஆனாலும் ஒன்பது வருடமாக அவர் வாயில் ‘கம்பெனி வண்டி’ என்ற சொல் வந்ததே இல்லை. என் வண்டி சூடாகிவிட்டது, என் வண்டிக்கு மழை ஆகாது, என் வண்டி மூன்றாவது கியருக்குக் கொஞ்சம் யோசிக்கும். தேர் இழுக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தேர் சொந்தம்? ஆனால் வடத்தைப் பிடித்துப் பத்தடி இழுத்தவன் சாகும் வரைக்கும் எங்கள் தேர் என்றுதான் சொல்கிறான், அவனிடம் யாரும் பத்திரத்தைக் கேட்பதில்லை. அந்த மாதிரி ஒரு சொந்தத்தில்தான் அவர் நாற்பத்தொன்றுக்கு வாங்கி வாங்கிப் போட்டார். கூரைக்குப் பட்டன் வைத்துத் தைத்த சிவப்பு ரெக்சின். நாக்பூரில் வாங்கிய மணிகள். ராஜஸ்தானத்து ரோட்டோரக் கடையில் ஒரு கிழவர் எடை போடுகிறவர் மாதிரிக் கையில் தூக்கித் தூக்கிக் காட்டிய சவுரிக் குஞ்சங்கள். காற்றில் அவை பறக்கும்போது பக்கத்தில் ஒரு குதிரை ஓடி வருகிற மாதிரி இருக்கும். ஓட்டும்போது ஓரக்கண்ணால் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொள்வார். நேற்றுச் சாயங்காலம் எல்லாவற்றையும் கழற்றிக் கோணிப்பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது, வாசல் தெளித்துக்கொண்டிருந்த பாவாயி நிமிர்ந்து பார்த்துவிட்டு, “மூத்தவ நகையெல்லாம் கழட்டியாச்சுங்களா?” என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நாற்பத்தொன்றுக்கு அவள் வைத்த பெயர் அது, இவளுக்குப் பதினேழு வருடம் பின்னால் வந்த மூத்தவள். அப்புறம் கோணிப்பைக்குள் கையை விட்டுத் துழாவியபடி, பொட்டையும் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். பட்டியலில் அது இல்லை என்றார். அவள் துழாவுவதை நிறுத்தினாள். “அந்த அருளாந்து உங்களைவிட உசரமாச்சே, அது அவருக்குச் சரிப்படுங்களா?” அது அவன் பாடு என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். கால் கழுவி முடித்தும் அந்தக் கேள்வி போகவில்லை. சாப்பிடும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. காலையில் அவரோடு சேர்ந்து படி ஏறி வண்டிக்குள் வந்து, இப்போது இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கிறது.

வெறும் வண்டி. குஞ்சம் இருந்த இடத்தில் கம்பி, மணிகள் இருந்த இடத்தில் ஆணித் துளைகள். டாஷ்போர்டில் சாமி படம் ஒட்டியிருந்த இடம் மட்டும் வெயில் படாமல் சதுரமாக, புதுசாக, கறுப்பாக இருந்தது. சாமி போன பிறகுதான் சாமி எவ்வளவு இடம் அடைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிகிறது. ஆனால் இப்படி வெறுமையாகப் பார்ப்பது வையாபுரிக்குப் புதிதில்லை. நாற்பத்தொன்றை அவர் முதன்முதலாகப் பார்த்தபோது அதற்கு உடம்பே கிடையாது. வடக்கே தொழிற்சாலை வாசலில் நூறு சேசிஸ்கள் வரிசையாக நின்றன, நான்கு சக்கரம், எஞ்சின், ஸ்டியரிங், இரண்டு நீள இரும்பு. கேபின் இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. கயிற்றால் கட்டிய ஒரு மரப்பெட்டிதான் இருக்கை. அதில் உட்கார்ந்து, தலைக்கு ஹெல்மெட், முகத்துக்குத் துண்டு, மேலே ஆகாயம் என்று இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி வந்தார். லாரி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த அனுபவம் கிடையாது, கிடைத்த பாதிப் பேர் அதைச் சொல்லத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். பூச்சிகள் முகத்தில் சரம் சரமாக வந்து மோதும். மழைத்துளி ஊசியாகக் குத்தும். காலுக்கு அடியில் தார்ரோடு ஒரு கறுப்பு ஆறு மாதிரி ஓடும், காலை ஒரு அடி இறக்கினால் தொட்டுவிடலாம். எஞ்சினின் சூடு ஒரு பெரிய மிருகத்தின் மூச்சு மாதிரி முழங்காலில் அடிக்கும். நர்மதைப் பாலத்தில் ஏறியபோது, கீழே அவ்வளவு தண்ணீர், மேலே அவ்வளவு வானம், நடுவில் ஒரு மரப்பெட்டியில் சட்டை படபடக்கத் தான் ஒருத்தன் என்று தோன்றி, பயமா ஆனந்தமா என்று தெரியாத ஏதோ ஒன்றில் வாய்விட்டுச் சத்தம் போட்டார். யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கே கேட்கவில்லை. அப்புறம் திருச்செங்கோட்டுப் பட்டறையில் அதற்கு உடம்பு கட்டினார்கள். தச்சர்கள் கேபினுக்குச் சட்டம் அடிக்கிறபோது பக்கத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுப் பதினெட்டு நாள் உட்கார்ந்திருந்தார், பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவரைப் போல. கம்பெனியில் யாரும் உட்காரச் சொல்லவில்லை. இந்த வண்டியின் எலும்பைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான் என்கிற நினைப்பு அப்போது வந்தது, இன்று வரைக்கும் போகவில்லை. அருளாந்து என்ன பார்த்தான்? கிளட்சைத் தின்கிறவன். ஒரே வருடத்தில் இரண்டு கிளட்ச் பிளேட் மாற்றினான் என்று ஷெட்டில் சொல்கிறார்கள். யார் சொன்னார்கள்? யாரோ. மணப்பாறைப் பக்கத்து ஆள், அதிகம் பேசமாட்டான். பேசாதவனைப் பற்றி ஷெட்டில் எதையும் பேசலாம்.

இதோ முன்னால் அவன் குனிந்திருக்கிறான். கழுவுகிற மாரப்பன் ஓரமாக பீடியோடு நிற்கிறார், அருளாந்து கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டு, சோப்புத் துணியால் யாரும் பார்க்க முடியாத இடத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். நடிப்பு, என்று வையாபுரி நினைத்தார். யாருக்காக நடிப்பு? நமக்காகத்தான், நாம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோமே. ஆனால் அவன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பார்க்காத ஆளுக்காக நடிக்கிறவன் பெரிய நடிகனாக இருக்க வேண்டும், அல்லது அது நடிப்பாக இருக்கக்கூடாது. இந்த இரண்டாவது எண்ணத்தை அவர் ஓரமாகத் தள்ளினார். தள்ளிய இடத்தில் பொட்டு இருந்தது.

அதை அவர் ஒட்டவில்லை, பாவாயிதான் ஒட்டினாள். நாற்பத்தொன்று வந்த முதல் மாதம், காலி வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு அர்த்தநாரீசுவரர் மலையடிவாரத்துக்குப் போனார். எஞ்சின் மூடியின் மேல் கால் மடித்து உட்கார்ந்து வந்தாள். வழியில் முகம் கழுவுவதற்காக இறங்குமுன், வீட்டுக் கண்ணாடியில் செய்கிற பழக்கத்தில், நெற்றி ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து எதிரே இருந்த கண்ணாடியில் ஒட்டினாள். திரும்பி எடுக்க மறந்தாள். மறுநாள் வண்டி எடுத்தபோது வையாபுரிக்கு எரிச்சல் வந்தது, துடைக்கக் கையை நீட்டினார், நீட்டிய கை நின்றது. அவருடைய இருக்கையில், அவருடைய திண்டின் மேல், அவருடைய உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால், அந்தக் கறுப்புப் புள்ளி இடப்பக்க முன் சக்கரம் போகப்போகிற தடத்தின் மேலே அப்படியே உட்கார்ந்திருந்தது. புள்ளியை ரோட்டின் ஓரக்கோட்டில் வைத்தால் சக்கரம் கோட்டில் போகிறது. புள்ளியை ஒரு கல்லின் மேல் வைத்தால் சக்கரம் கல்லின் மேல் ஏறுகிறது. ஒரு தீப்பெட்டியைப் போட்டுச் சோதித்துப் பார்த்தார், நசுங்கியது. வேண்டுமென்று அளந்து வைத்திருந்தால் ஒரு நாள் ஆகியிருக்கும், அப்போதும் விரற்கடை தவறியிருக்கும். பார்க்காமல் ஒட்டிய கை எப்படி அங்கே போய் ஒட்டியது? அவளிடம் சொன்னபோது, “எனக்குத்தான் தெரியுமே, உங்க கண்ணு எங்க போகும்னு” என்றாள். பசை காயும்போதெல்லாம் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு அதே இடத்தில் புதுசு ஒட்டுவார். அவளுடைய அட்டையிலிருந்துதான், வேறு அட்டை ஒத்துவராது என்று ஒரு நம்பிக்கை. ஒரு தை மாதம், பீகாரில், காலை ஏழு மணிக்குப் பனி இறங்கியது. மூடுபனி என்று நம் ஊரில் சொல்கிறோமே, அது வேறு. இது சுவர். வண்டியின் பம்பர் தெரியவில்லை. இடப்பக்கம் கால்வாய் என்று தெரியும், எவ்வளவு பக்கம் என்று தெரியாது. நின்றால் பின்னால் வருகிறவன் இடிப்பான். வெள்ளைக் கோடு மட்டும் ஒரு முழம், ஒரு முழமாகப் பனியிலிருந்து பிறந்து வந்தது. பொட்டைக் கோட்டில் வைத்தார். இரண்டு மணி நேரம் கண்ணைச் சிமிட்டினாரா என்று தெரியாது. பனி விலகியபோது கண்ணாடியில் பின்னால் பார்த்தார், அவருடைய பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு லாரிகள் ஊர்வலமாக வந்துகொண்டிருந்தன. பஞ்சாபி ஒன்று, ஒரியா ஒன்று, ஆந்திரா இரண்டு. ஐந்து லாரி, ஐந்து குடும்பம், அறுபது எழுபது டன் சரக்கு, எல்லாம் திருச்செங்கோட்டு ரோட்டில் ஒரு பெண் நெற்றியிலிருந்து பிரிந்த துணுக்கை நம்பிக் கால்வாய் ஓரமாக வந்திருக்கின்றன. அன்றைக்கு அவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, எதற்கு என்று தெரியாமல், முன்கண்ணாடியைப் பார்த்துக் கை கூப்பினார். பஞ்சாபிக்காரர் அவர் சூரியனைக் கும்பிடுகிறார் என்று நினைத்துத் தானும் கும்பிட்டார்.

இதை எப்படிப் பிய்ப்பது? பட்டியலில் அது இல்லை. அருளாந்து அதை ஒரு அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுவான், அது அவன் பாடு. துடைக்காவிட்டால்? அங்கேதான் நினைப்பு இடறியது. துடைக்காவிட்டால், எவனோ ஒரு அனுபவஸ்தன் வைத்தது, ஒன்பது வருடம் ஓடியது, சரியாகத்தான் இருக்கும் என்று அதை நம்புவான். நல்ல டிரைவர் நம்புவான், கெட்ட டிரைவர்தான் கவனிக்கமாட்டான். வையாபுரியைவிட ஒரு சாண் உயரத்தில் அவன் கண். உயரத்திலிருந்து பார்த்தால் புள்ளி ரோட்டில் கிட்டத்தில் விழும், உள்ளே தள்ளி விழும். சக்கரம் கோட்டுக்குள் இருப்பதாகச் சொல்லும், சக்கரமோ தாரை விட்டு ஒரு சாண் வெளியே மண்ணில் ஓடிக்கொண்டிருக்கும். வெயில் நாளில் ஒன்றுமில்லை, ஒரு குலுக்கலில் தெரிந்துபோகும். பனியில்? கால்வாய் ஓரத்தில்? அவனுக்குப் பின்னால் நான்கு லாரிகள்? இல்லை, அருளாந்து பீகாருக்கே போகமாட்டான். யார் சொன்னது, எந்த டிரைவருக்கும் எந்த வண்டியும், எந்த ஊரும். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குரல், அவ்வளவு நல்ல குரல் இல்லை, மெதுவாகச் சொன்னது: இருக்கட்டுமே. நாற்பத்தொன்றை யார் வேண்டுமானாலும் ஓட்டட்டும், என் கண்ணால்தான் ஓட்ட வேண்டும். அந்தக் குரலைக் கேட்டு அவருக்கே கொஞ்சம் திடுக்கென்றது.

அறுபத்துமூன்று நகர்ந்து போய் வேப்பமர நிழலில் நின்றது. மாரப்பன் கையைக் காட்ட, வையாபுரி நாற்பத்தொன்றை மேடையில் ஏற்றினார். இறங்கி நிற்கச் சொன்னார் மாரப்பன். இவர் தலையாட்டிவிட்டு இரண்டு கதவுக் கண்ணாடிகளையும் ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்தார். இதுவரை எத்தனையோ கழுவல், எல்லாவற்றுக்கும் வெளியே நின்று இங்கே அழுக்கு அங்கே அழுக்கு என்று அதிகாரம் பண்ணியிருக்கிறார், உள்ளே இருந்ததில்லை. தண்ணீர் முதலில் கூரையில் அடித்தது. தலைக்கு மேல் ஒரு அருவி. ரெக்சின் இல்லாத தகரம் ஆயிரம் பறையாக அதிர்ந்தது. பிறகு முன்கண்ணாடியில் வெள்ளையாக வந்து மோதி, உலகம் காணாமல் போனது. மலை கரைந்தது, வேப்பமரம் கரைந்தது, அறுபத்துமூன்று ஒரு சிவப்புக் கறையாகிக் கீழே வழிந்தது. சோப்பு நுரை மேலிருந்து மேகம் மாதிரி இறங்கியது. பீகார்ப் பனி மாதிரியே இருந்தது. மரப்பெட்டியில் உட்கார்ந்து வந்த மழை மாதிரி இருந்தது, ஆனால் இப்போது நனையவில்லை. ஒன்பது வருடத்துத் தண்ணீரெல்லாம் ஒரே கண்ணாடியில் வந்து ஒன்றன்மேல் ஒன்றாக வழிகிற மாதிரி இருந்தது. ஒரு சமயம் கோயம்புத்தூர் மோட்டார் பம்புகள் ஏற்றிக்கொண்டு அஸ்ஸாமுக்குப் போனபோது, விடிகாலையில் பிரம்மபுத்திராவைப் பார்த்தார். ஆறு என்று நினைக்கவில்லை, ரோடு முடிந்துவிட்டது, இதற்கு மேல் பூமி போடவில்லை என்று நினைத்தார். அன்றைக்கும் இப்படித்தான் எஞ்சினை அணைத்துவிட்டு, கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி, இந்த இரும்புப் பெட்டி தன்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று சும்மா உட்கார்ந்திருந்தார். எட்டாவதோடு படிப்பை விட்டவனை இவ்வளவு தூரம் யார் கூட்டி வருவார்கள்? வெள்ளை நுரைக்கு நடுவில் உலகத்தில் மீதி இருந்த ஒரே பொருளாகப் பொட்டு இருந்தது. அதன் பின்னால் ரோடும் இல்லை, கோடும் இல்லை. எதையும் காட்டாமல் சும்மா இருந்தபோது அது வெறும் பொட்டாக இருந்தது, யாருடைய நெற்றியிலும் இல்லாத பொட்டு. தண்ணீர் நின்றது. உலகம் சொட்டுச் சொட்டாகத் திரும்பி வந்தது. மாரப்பன் கதவைத் தட்டி, “குளிச்சு முடிஞ்சுதுங்களா?” என்றார்.

வண்டியை நிழலுக்குக் கொண்டுபோய் நிறுத்தி இறங்கியபோது அருளாந்து சாவியோடு நின்றிருந்தான். கிட்டத்தில் நின்றபோது அவனுடைய உயரம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. சாவி வளையத்தில் அலங்காரம் ஒன்றுமில்லை, ஒரு வெறும் கம்பி. ஷெட்டுக்குப் போய்ச் சாவி மாற்றுவதைவிட இங்கேயே மாற்றிக்கொண்டு ஆளுக்கொன்றை ஓட்டிப் போய்விடலாமா என்று கேட்டான். வையாபுரிக்கும் அதுவே தேவலை என்றிருந்தது, நல்லசிவம் பார்க்கச் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. சாவிகள் கை மாறின. வண்டியின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று நேற்றே முடிவு பண்ணியிருந்தார். மூன்றாவது கியர் யோசிப்பதையும், ஐம்பத்தெட்டில் ஒரு நடுக்கம் வந்து அறுபதில் தானே அடங்கிப்போவதையும் அவனே கண்டுபிடிக்கட்டும், தான் ஒன்பது வருடத்தில் கண்டுபிடித்ததை அவனுக்கு ஒரு நிமிடத்தில் எதற்குக் கொடுக்க வேண்டும். அருளாந்துவும் குணம் எதையும் கேட்கவில்லை. தரையைப் பார்த்தபடி, “எல்லாம் கழட்டிட்டேன்ணே. பட்டியல்ல இல்லாத ஒண்ணையும் கழட்டிட்டேன். இருந்தா உங்களுக்கு இடைஞ்சல்” என்றான். வேளாங்கண்ணி மாதா படமாக இருக்கும், இவர் வேறு சாமி கும்பிடுகிறவர் என்று எடுத்திருப்பான் என்று நினைத்து, அதெல்லாம் இருந்தாலும் பரவாயில்லை என்று வையாபுரி பெருந்தன்மையாகச் சொன்னார். அவன் நாற்பத்தொன்றின் பக்கம் போனான். வலது காலை முதல் படியில் வைத்து ஏறினான். இடது காலை வைத்து ஏற வேண்டும், அந்தப் படி வழுக்கும். அதையும் வையாபுரி சொல்லவில்லை.

அறுபத்துமூன்றுக்குள் இன்னொருவர் வீட்டுக்குள் ஆளில்லாத நேரத்தில் நுழைந்த மாதிரி இருந்தது. இருக்கையில் ஒரு பள்ளம், நீளக் கால்களுக்கான பள்ளம். அதில் உட்கார்ந்தால் வையாபுரியின் தொடை அந்தரத்தில் நின்றது. கியர் ராடின் தலையில் ஒரு உள்ளங்கை தேய்ந்து பளபளத்தது. அந்தத் தேய்மானத்தில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், வேறொரு ஆளோடு கை குலுக்குகிற மாதிரி இருந்தது. கிளட்சை மிதித்தார். வெண்ணெய். இரண்டு பிளேட் தின்றவனின் கிளட்ச் இப்படி இருக்காது. இங்கேயும் ஆணித் துளைகள், இங்கேயும் சதுரமாக ஒரு கறுப்பு, ஆனால் அதில் அழுக்குப் படியாமல் துடைத்திருந்தான். திரும்பவும் தலையைத் தூக்கியபோதுதான் அதைப் பார்த்தார். முன்கண்ணாடியின் கீழ்ப் பகுதியில், நடுவை ஒட்டி, ஒரு சின்ன வட்டம். வட்டம் கூட இல்லை, வட்டம் இருந்த இடம். பிளேடால் சுரண்டிய நுணுக்கமான கீறல்கள், ஓரத்தில் ஒரு மயிரிழைப் பசை. மீதிக் கண்ணாடியெல்லாம் ஈரம் காய்ந்துகொண்டிருக்க அந்த இடம் மட்டும் அதிகப்படியாகத் துடைத்துத் துடைத்துத் தெளிந்திருந்தது. சரிந்த முதுகை நிமிர்த்தி, அந்த இல்லாத புள்ளியின் வழியாகத் தரையைப் பார்த்தார். அவருடைய உயரத்துக்கு அது எங்கேயோ தூரத்தில், இடப்பக்கம் தள்ளி விழுந்தது. இது இருந்திருந்து இதை நம்பியிருந்தால், ஓரம் வந்துவிட்டது வந்துவிட்டது என்று பயந்து, எதிரே வருகிறவர்கள் பக்கமாக ஒரு சாண் தள்ளித்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். மாதா படம் இல்லை. இருந்தா உங்களுக்கு இடைஞ்சல். அவனும் ஏதோ ஒரு காலையில் ஏதோ ஒரு பனியில் இதன் வழியாகப் பார்த்துப் பிழைத்திருப்பான். அது அவனுடைய கண் மாதிரி. அந்தக் கண்ணை, யாரும் கேட்காமல், எந்தப் பட்டியலும் சொல்லாமல், பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறான். அதற்கு அவன் என்னை நினைத்திருக்க வேண்டும். இந்தக் குள்ளமான ஆள் இதில் உட்கார்ந்தால் எங்கே பார்ப்பார் என்று அவன் குனிந்து குனிந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு லாரிக்காரர்கள், இரண்டு கண்ணாடிகள், ஒரே இடத்தில் ஒரு புள்ளி, ஒருவருக்கொருவர் சொல்லாமல். நாடு முழுக்க ஓடுகிற எத்தனை ஆயிரம் கண்ணாடிகளில், எந்தப் பட்டியலுக்கும் தெரியாமல், எத்தனை ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன? மலையைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து வாய் பிளந்தவருக்கு, சுரண்டிய ஒரு பசைத் தடத்தைப் பார்த்து வாய் பிளப்பது அதுவே முதல் தடவை.

வெளியே எஞ்சின் உறுமியது. அந்தச் சத்தத்தை அவருக்குத் தெரியும், ஆனால் அதை எப்போதும் முழங்காலில்தான் கேட்டிருக்கிறார், காதில் கேட்டதில்லை. குதித்து இறங்கினார். நாற்பத்தொன்று வேப்பமர நிழலை விட்டு வெயிலுக்குள் வந்துகொண்டிருந்தது. ஈரம் மின்ன, மாலையில்லாமல், குஞ்சமில்லாமல், மணியில்லாமல், அவரை நோக்கி வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, ஒன்பது வருடத்தில் தன் வண்டி ஓடி அவர் பார்த்ததே இல்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும், அது ஓடும்போதெல்லாம் அவர் உள்ளே இருந்தார். இவ்வளவு உயரமா? இவ்வளவு மெதுவாக, யானை திரும்புகிற மாதிரி, உடம்பை முழுசாக எடுத்துக்கொண்டா திரும்பும்? இதைத்தான் ரோட்டோரக் கடைக்காரர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அஸ்ஸாம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்களா? தான் போட்ட அத்தனை நகைகளையும் அவர்கள்தான் பார்த்தார்கள், தான் பார்க்கவில்லை. நகை எதுவும் இல்லாமல் வருகிற இதைத்தான் தான் பார்க்கிறோம், இதுவே போதும்போல் இருக்கிறதே என்று நினைத்தபோது கண் கலங்கியது. அதற்குள் அது ரோட்டுக்குத் திரும்பப் போகிறது, இடப்பக்கம் மழைநீர் வாய்க்கால். வையாபுரி ஓடிப்போய் அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். பிரேக் பிடித்த சத்தம்கூட இல்லை, அவ்வளவு இதமாக நின்றது. கிளட்சைத் தின்கிறவனாம்.

“ஏதாச்சும் விட்டுட்டீங்களாண்ணே?” என்று அருளாந்து தலையை வெளியே நீட்டிக் கேட்டான்.

“விட்டுட்டனுங் தம்பி.”

இடப்பக்கக் கதவைத் திறந்து, இடது காலை வைத்து ஏறி, எஞ்சின் மூடியின் மேல், பாவாயி உட்கார்ந்த அதே இடத்தில் மண்டியிட்டார். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை நெம்பினார். ஒன்பது வருடமாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பசை, சுலபத்தில் விடவில்லை, பிறகு விட்டது. எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் இடது புறங்கையில் ஒட்டிக்கொண்டார். அருளாந்துவின் கண் அந்த இடத்தையும் அவருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, அறுபத்துமூன்றின் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. ரொம்ப நேரமாகவே புரிந்திருக்குமோ, ஏறி உட்கார்ந்த உடனேயே பார்த்திருப்பானோ? பார்த்தும் ஒன்றும் சொல்லாமலா வண்டியை எடுத்தான்? அதை அவனிடம் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவது கியர் கொஞ்சம் யோசிக்கும், அவசரப்படுத்தக்கூடாது என்றார். ஐம்பத்தெட்டு நடுக்கத்தைச் சொன்னார். வழுக்குகிற படியைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குறைந்துபோகும் என்று பயந்திருந்தது குறையவில்லை. அப்புறம், அவன் உயரத்துக்கு ஒட்டிக்கொள்ள ஒரு பொட்டு இருக்கிறதா என்று கேட்டார்.

“எங்க வீட்ல பொட்டு வைக்கறதில்லண்ணே” என்று சொல்லிவிட்டு, அருளாந்து டாஷ்போர்டைத் துழாவி ஒரு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தான். டேப்புக்கு எந்த வேதமும் இல்லை. பல்லால் கடித்து ஒரு துணுக்கைப் பிய்த்து விரல் நுனியில் வைத்துக்கொண்டான்.

வையாபுரி கீழே இறங்கினார். ஒரு வேப்பங்குச்சியை எடுத்து, இடப்பக்க முன் டயரின் வெளி ஓரத்திலிருந்து ஈர மண்ணில் நேராக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனார், இருபது அடி. கோடு முடிந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை அதன் மேல் வைத்து நிமிர்ந்து நின்றார். எதிரே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் முழு மலையும் தலைகீழாகாமல், நேராக, ஈரத்தோடு நின்றது. மலைக்குள் எங்கேயோ ஒரு விரல் மெதுவாக நகர்ந்தது, மேலே போனது, தயங்கியது, கொஞ்சம் கீழே வந்தது. அவரால் எதையும் சரி என்றோ தப்பு என்றோ சொல்ல முடியாது. அது அவனுடைய கண், அவனுக்குத்தான் தெரியும். அவர் செய்ய வேண்டியதெல்லாம் காலை அசைக்காமல் வைத்திருப்பதுதான். புறங்கையில் பொட்டு குறுகுறுத்தது. விரல் நின்றது. அழுத்தியது.

“மறைஞ்சிருச்சுண்ணே.”

“எதுங்க?”

“உங்க காலு.”

வையாபுரி குனிந்து பார்த்தார். அது அங்கேயேதான் இருந்தது.